அன்னத்தோடு கதைக்கும் பிரேக்

ஜூன் 3, 2025 – செவ்வாய்

காலை ஆறு மணிக்குக் காரை ஸ்டார்ட் செய்தேன். வழமைபோல அந்த ஜப்பான்காரி ஏதோ சொன்னாள். ஜப்பானில் யாரோ ஓடி முடித்து, கப்பலேறி ஆக்லாந்து வந்த கார் இது. திறப்பைத் திருப்பியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் மூன்று வசனம் பேசும். ஐந்து வருடமாகக் கேட்கிறேன், அர்த்தம் தெரியாது. "ஓம் பிள்ளை, ஓம்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவேன். வீடிருக்கும் பாபடோயிட்டோயிலிருந்து விமான நிலையச் சரக்குக் கொட்டகை பன்னிரண்டு நிமிடம். அங்கே நான் ஃபோர்க்லிஃப்ட் சக்கரவர்த்தி. உலகத்துச் சாமான்களில் பாதி என் இரண்டு இரும்பு விரல்களில் ஏறி இறங்கியிருக்கிறது. மிச்சப் பாதி என்னைக் கண்டு பயந்து கப்பலில் போகிறது.

இப்பேர்ப்பட்ட மகேசனிடம், முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திய அன்னபாக்கியம் இன்று சொல்கிறாள்: "உங்களிட்டை நான் இனிக் கார் பழக மாட்டன்."

காரணம், ஞாயிற்றுக்கிழமை ரவுண்டபவுட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேனாம்.

"கொஞ்சமோ? பக்கத்துக் காரில இருந்த மனுசன் கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்து ஆர் யூ ஓகே எண்டு கேட்டவர்."

சரி, கேட்டார்தான். அவருக்குக் காது கூர்மை.

அவளுக்கு அவசரம் இருக்கிறது. மகள் நிசாந்தினிக்கு ஆகஸ்ட் கடைசியில் முதல் பிள்ளை. அவள் இருப்பது டௌப்போவில், காரில் மூன்றரை மணி நேரம். மருமகன் ஆரணன் வாரத்தில் நாலு நாள் வேலைக்கு வெளியூர் போய்விடுவான். நிசாந்தினியைக் கார் ஓட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு டிசம்பர் வரை லீவு இல்லை. ஆகவே அன்னம் போக வேண்டும், போய் அங்கே ஓடவும் வேண்டும். தனியாக ஓட விடும் லைசென்சுக்கு டெஸ்ட் ஆகஸ்ட் முதலாம் திகதி. இரண்டு மாதம் போல இருக்கிறது.

என்னிடம் பழக மாட்டாளாம். பிறகு யாரிடம்? கேட்டேன். அவள் பருப்பைக் கிளறினாள். அது நல்ல சகுனம் இல்லை.

ஜூன் 7 – சனி

வீரையா.

கோயிலில் காண்கிற மலேசியாக்காரர். ஈப்போவில் பிறந்தவர். இந்த ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து நாலு வருடம். இவற்றையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது மீசை. அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு கறுப்பு இயற்கையில் கிடையாது. அந்த மீசையை அவிழ்த்து விரித்தால் மானுகாவ் துறைமுகத்தை மூடலாம்.

காலை ஒன்பதுக்கு வந்தார். "வணக்கம் தம்பி!" தம்பியா? எனக்கும் அவருக்கும் ஐந்து வயது வித்தியாசம். அன்னத்தைத் தங்கச்சி என்கிறார். அவள் அவரை அண்ணை என்கிறாள். முறை எல்லாம் சுத்தம். சுத்தமாக இருப்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அவள் நீலக் கார்டிகன் போட்டிருந்தாள். அந்தக் கார்டிகன் மகளின் கலியாண வரவேற்புக்குப் பிறகு வெளிச்சம் கண்டதில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு. கார் பழகும்போது சிரிப்பார்களா? நான் பழக்கியபோது அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

பிறகு இடியப்பமும் சொதியும். எண்ணினேன் – நான் எண்ணாமல் வேறு யார் எண்ணுவது? – வீரையாவுக்கு எட்டு. எனக்கு மூன்று.

"அண்ணை தனியச் சமைச்சுச் சாப்பிடுறவர்" என்றாள்.

நானும் இதே கதியில் போனால் தனியச் சமைத்துத்தான் சாப்பிடுவேன்.

ஜூன் 8 – ஞாயிறு

கண்ணாடியில் என் மீசையைப் பார்த்தேன். நரைத்த பல்துலக்கி.

ஜூன் 14 – சனி

இரண்டாம் பாடம். இன்று பின்பக்கமாக நிறுத்தப் பழகினாளாம். கார்டிகன் மறுபடியும். வீரையா ஒரு டப்பாவில் ஏதோ பச்சை நிறப் பலகாரம் கொண்டு வந்தார், தேங்காய்ப்பூ தூவி. அவரே செய்ததாம். நல்லாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் இன்னொன்றைப் போட்டேன். நாசமாய்ப் போக, நல்லாத்தான் இருந்தது.

ஜூன் 17 – செவ்வாய்

அவமானம். எழுதிவிட்டால் ஆறும் என்று எழுதுகிறேன்.

மூன்று நாளாக மழை. றோட்டோரத்து இலையெல்லாம் நனைந்து, மிதித்த சவர்க்காரம் மாதிரிக் கிடக்கிறது. மாலை ஐந்தரைக்கு அன்னத்தைக் கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். கிரேட் சவுத் றோட்டில் சிக்னல் திடீரென்று சிவப்பு. அழுத்தினேன்.

அப்போதுதான் என் காலுக்குக் கீழே பிரளயம் வந்தது.

பெடல் என்னைத் திருப்பி உதைத்தது. கர்ர்ர்ர் – டக்டக்டக்டக் – பாதத்துக்குக் கீழே யாரோ தையல் மெஷினை முழு வேகத்தில் மிதிப்பது போல. தகர டப்பாவுக்குள் கொட்டைப்பாக்கைப் போட்டு ஆட்டும் சத்தம். முழங்கால் வரை நடுங்கியது. காரின் குடல் கழன்று றோட்டில் விழுகிறது என்றே நினைத்தேன். "அன்னம், பிரேக் முறிஞ்சு போச்சு!" என்று கத்திக் காலை எடுத்துவிட்டேன். எடுத்து, திரும்ப மிதித்து, திரும்ப எடுத்து – ஊரில் ஏ-9 றோட்டில் லொறி ஓடிய காலத்தில் பழகிய முறை: மிதி, விடு, மிதி, விடு. கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, பாதசாரி கடக்கும் இடத்தின் நடுவில் போய் நின்றது. குடையோடு நின்ற ஒரு கிழவி என்னைப் பார்த்தாள். நான் வைப்பரைப் பார்த்தேன்.

இந்தக் காரை வாங்கி ஐந்து வருடத்தில் இப்படி அழுத்த நேர்ந்ததே இல்லை. எனக்கெப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அன்னம் ஃபோன் எடுத்தாள். எனக்கு இல்லை, மெக்கானிக்குக்கும் இல்லை. ஸ்பீக்கரில் போட்டதால் கேட்டேன்.

"அட, அது ஏ.பி.எஸ். தங்கச்சி! உடையல லா. சக்கரம் பூட்டிக்கிட்டா வண்டி சறுக்கும். அது பூட்டிக்காம இருக்க, கம்ப்யூட்டர் பிரேக்கப் பிடிச்சுப் பிடிச்சு விடுது. ஒரு செகண்டுக்குப் பத்துப் பதினஞ்சு வாட்டி. அதான் கால்ல துடிக்குது. துடிக்கும்போது காலை எடுக்கவே கூடாது. நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கத் திருப்பணும். தம்பி என்ன செஞ்சாரு?"

"அவர் காலை எடுத்திட்டார், அண்ணை."

அவர் பேச்சை மழைக்கு மாற்றினார். மரியாதையாக. அந்த மரியாதைதான் சுட்டது.

செகண்டுக்குப் பதினைந்து தரம்! நான் பெருமையாக மூன்று தரம் மிதிப்பேன்.

ஜூன் 21 – சனி

நேற்று மாதாரிகி, மாவோரிப் புத்தாண்டு விடுமுறை. இன்றும் மழை. ஒரு மண்டபத்தின் பின்னாலுள்ள வெறும் கார் பார்க்குக்கு வீரையா அவளைக் கூட்டிப் போனார். அங்கே நாற்பதில் ஓடி, ஒரே மிதி. நாலு முறை செய்தார்களாம்.

திரும்பி வந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்? கலியாணத்தன்று என்னைப் பார்த்த முகத்திலும் இவ்வளவு வெளிச்சம் இல்லை. (புகைப்படம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தேன்.)

"இஞ்சாருங்கோ, அது கதைக்குது!"

"எது?"

"பிரேக்! காலுக்குக் கீழ கதைக்குது. நான் இருக்கிறன், நீ விடாதை, விடாதை, விடாதை எண்டு. முதல் தரம் பயந்திட்டன். பிறகு விளங்கிச்சு. கடகடவெண்டு சத்தம் போட்டுக்கொண்டு கார் நேரா நிண்டுது. நீங்கள் சும்மா பயந்திட்டியள் அண்டைக்கு."

"நான் பயப்படேல்லை. எச்சரிச்சனான்."

அவள் கேட்கவில்லை. வலது காலைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள், புதுச் சலங்கை கட்டியது போல.

இந்த வீட்டில் அவளோடு கதைக்கிறவர்கள் வரிசையில் எனக்கு இப்போது மூன்றாம் இடம். முதலிடம் வீரையா. இரண்டாமிடம் ஒரு பெடல்.

ஜூன் 22 – ஞாயிறு

நான் சொல்வதை எல்லாம் அவள் ஒரு காதால் வாங்குவாள். மற்றக் காது குக்கர் விசிலுக்கு. அந்தக் கறுத்த பெடல் ஒரு தரம் நடுங்கினால் உடம்பு முழுக்கக் கேட்கிறாள். ஏன்? நான் நடுங்காததா குற்றம்?

ஜூன் 27 – வெள்ளி

வீரையா நாளைக்கு அவளை ஒரு சரிவுக்குக் கூட்டிப் போகிறாராம். நனைந்த இறக்கத்தில் நிறுத்திக் காட்டப் போகிறாராம். "சும்மா மிதி தங்கச்சி, மிச்சத்த அது பார்த்துக்கும்" – இது அவருடைய வேதவாக்கு. அன்னம் காலையிலிருந்து மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

வேலை முடிந்து வந்து காரின் மூடியைத் திறந்தேன். மூலையில் கறுப்பு ஃபியூஸ் பெட்டி. அதன் மூடியின் உட்புறம் படம் போட்டிருக்கிறது, ஏ.பி.எஸ். என்று மட்டும் இங்கிலீஷில். ஃபியூஸ் மஞ்சள் நிறம், பால்பல் அளவு, இரண்டு காலும் உண்டு. பிடுங்கினேன். சத்தமே வரவில்லை.

நான் ஒன்றும் பிரேக்கை முறிக்கவில்லை. பிரேக் பிரேக்காகவே பிடிக்கும். கதைதான் நிற்கும். பத்து வருடம் நான் ஓடிய லொறியில் எந்தப் பெடல் கதைத்தது? நாளைக்கு அன்னம் மிதிப்பாள், அது ஊமையாக நிற்கும், "அண்ணை, ஒண்டும் கதைக்கேல்லையே" என்பாள், மீசை ஒரு அங்குலம் தொங்கும். அவ்வளவுதான் என் திட்டம். அணுகுண்டு இல்லை.

ஒரே சிக்கல், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கிவிட்டது. அணையவில்லை. பின்னேரம் கோயிலில் வாங்கிய சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டினேன். அளவெடுத்தது போல மூடியது. பின்னால் விளக்கு எரிவதால் பிள்ளையாருக்கு மஞ்சள் ஒளிவட்டம்.

அன்னம் பார்த்துவிட்டு, "எவ்வளவு வடிவா இருக்கு! எனக்காகவே ஒட்டினனீங்கள்?" என்றாள்.

ஓம் என்றேன்.

ஜூன் 28 – சனி

நேராக எழுதுகிறேன்.

ஒன்பதரைக்குப் போனார்கள். புறப்படும்போது அவள் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பத்து ஐந்துக்கு ஃபோன். வீரையா. "தம்பி, பயப்படாதீங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். கொஞ்சம் வர்றீங்களா?" பேச்சுக்குப் பேச்சு வரும் அந்த மலேசிய லா இன்று அவர் குரலில் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றிப் போனார். இறக்கத்தின் அடியில் எங்கள் கார், ஒரு பூங்காவின் மர வேலியில் மூக்கை வைத்தபடி. இரண்டு பலகை முறிந்திருந்தது. பம்பரில் ஒரு பிளவு. வேலிக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளின் ஊஞ்சல். மழையானதால் யாரும் இல்லை. மழையானதால்.

வீரையாவின் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவத்தில் கீறல். அன்னம் புல்லில் நின்றாள், கார்டிகன் நனைந்து.

"மிதிச்சனான். சத்தியமா மிதிச்சனான். கதைக்கும் எண்டு பார்த்துக்கொண்டு மிதிச்சனான். ஒண்டுமில்லை. ஒரு சத்தமுமில்லை. சும்மா வழுக்கிக்கொண்டே போச்சுது... ஸ்டீயரிங்கைத் திருப்பினன், அது கேக்கேல்லை. என்ர காலிலதான் பிழை."

"இல்ல தங்கச்சி, என் தப்பு" என்றார் வீரையா. "நான்தான் சரிவுக்குக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது."

இரண்டு பேரும் குற்றத்தை ஒருவருக்கொருவர் பறித்துக்கொண்டு நின்றார்கள். அதன் சொந்தக்காரன் நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 29 – ஞாயிறு

அவள் எழும்பவில்லை. நான் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். ஆறவிட்டாள்.

ஜூலை 5 – சனி

வீரையா வரவில்லை. இனி வர மாட்டாராம். வேலியை மாநகர சபைக்குச் சொல்லித் தானே திருத்திக் கொடுக்க ஏற்பாடு செய்தாராம். அன்னம் கார்த் திறப்பைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டாள். காரில் மாட்டியிருந்த, பழகுபவருக்கான மஞ்சள் எல் பலகை இரண்டையும் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். எனக்குப் பதினொன்று வைத்தாள். அவிக்கிற நீத்துப்பெட்டி முழுவதும் எனக்குத்தான்.

மகேசா, கேட்டது கிடைத்ததா?

இரண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 9 – புதன்

இன்று வேலைக்குப் போகும்போது குளிர், ஆக்லாந்துக்கு அதிகமான குளிர். புல்லில் வெள்ளை படிந்திருந்தது. கொட்டகைக்குத் திரும்பும் முடக்கில் முன்னால் ஒரு வான் நின்றது. மிதித்தேன்.

சத்தமில்லை.

முன்பு அந்தக் கடகடப்பைப் பிரளயம் என்று எழுதினேன். முட்டாள். பிரளயம் இதுதான். பெடல் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, சில்லு நாலும் பூட்டிக்கொண்டுவிட்டன, கார் மட்டும் வெண்ணெய் போல மெதுவாக, அமைதியாக, நிற்காமல் போகிறது. ஒரு சின்ன 'ஸ்ஸ்ஸ்' மட்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வேறு யாருடைய காரையோ திருப்புவது போல இருக்கிறது. மிதி, விடு, மிதி, விடு – பழைய லொறிக்கால் காப்பாற்றியது. வானுக்கும் எனக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை.

காரை ஓரமாக்கிவிட்டு உள்ளேயே இருந்தேன். எனக்கு லொறிக்கால் இருந்தது. அவளுக்கு என்ன இருந்தது? விடாதே, விடாதே என்று யாரோ சொல்வார்கள் என்ற நம்பிக்கை. அதைத்தான் நான் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பிள்ளையார் டாஷ்போர்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மஞ்சள் வெளிச்சத்தோடு.

பின்னேரம் நிசாந்தினி ஃபோன் எடுத்தாள். அடுப்படியில் நின்று கேட்டேன்.

"இல்லையம்மா, நான் வரேல்லை. பஸ்ஸில வந்தும் என்ன செய்யிறது? உன்னை ஏத்திக்கொண்டு போக என்னால ஏலாது... இல்லை, டெஸ்ட் எடுக்கேல்லை. என்ர கால் சரியில்லைப் பிள்ளை. காலை நம்பேலாது."

மறுமுனையில் மகள், "அம்மா, பட் யூ ப்ராமிஸ்ட்" என்றாள். பிறகு அழுதாள். பிறகு இவளும்.

ஜூலை 12 – சனி

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். ஒரு வசனத்தில் நான் தியாகி, இன்னொன்றில் விஞ்ஞானி. கடைசியில் இரண்டையும் விட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மேசையில் ஃபியூஸை வைத்தேன்.

"இதென்ன?"

"உம்மட காலில பிழையில்லை, அன்னம்."

மிச்சமும் சொன்னேன். விளக்கு, ஸ்டிக்கர், கோயில், எல்லாம். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். முடிந்ததும் தண்டையும் இலையையும் திரும்ப ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"ஏன்?"

"நீர் சிரிச்சுக்கொண்டு வந்தனீர்."

"என்ன?"

"அந்த மனுசனோட பழகப் போய்ச் சிரிச்சுக்கொண்டு வந்தனீர். எட்டு இடியப்பம் வச்சனீர். பிறகு... அது கதைக்குது எண்டு சொன்னனீர். அந்த முகத்தோட. என்னட்டை எப்ப அந்த முகத்தோட வந்தனீர்?"

அறுபத்தொரு வயதில் ஒரு மனிதன் இதைச் சொன்னால் கேவலம்தான். சொன்னேன்.

அவள் கீரையைத் தள்ளி வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லை.

"ரெண்டு கிழமை, ரெண்டு கிழமையப்பா, நடக்கேக்கைகூட இந்தக் காலைப் பார்த்துப் பார்த்து வச்சனான். வயசு போட்டுது, மூளை போட்டுது, இனி மகளுக்கு உதவமாட்டன் எண்டு. நீங்கள் பக்கத்தில இருந்து தேத்தண்ணி போட்டுத் தந்தனீங்கள்." எழும்பினாள். "வாங்கோ. நான் பார்க்கத் திருப்பிப் போடுங்கோ."

வெளியே தூறல். போட்டேன். சாவியைத் திருப்பினாள். ஜப்பான்காரி மூன்று வசனம் சொன்னாள். பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த வெளிச்சம் அணைந்தது. அன்னம் நகத்தால் ஸ்டிக்கரை மெதுவாக உரித்து, உள்ளே கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"இனி வீரையா அண்ணையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. ஃபோனில இல்லை. முகத்தைப் பார்த்து."

ஜூலை 13 – ஞாயிறு

அவள் இன்று என்னோடு நாலு சொல் கதைத்தாள். நாலும் சாமான் பட்டியல்.

ஜூலை 16 – புதன்

பிளாக்ஹவுஸ் பேயில் வீரையாவின் வீடு. ஒரு அறை, ஒரு கதிரை, ஜன்னலில் துளசி. மீசைக்குச் சாயம் போடவில்லை. வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் நான் கொண்டுபோன முன்னுரை எல்லாம் மறந்துவிட்டது.

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தம்பி, நேத்து நான் டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்தேன். கண்ணு, கை, எல்லாம் டெஸ்ட் பண்ணச் சொல்லி. முப்பது வருசம், எத்தனை ஆளுங்களை ஏத்தி இறக்கியிருக்கேன், ஒரு கீறல் கிடையாது. அந்த வேலியைப் பார்த்ததும், சரி, வீரையா முடிஞ்சிட்டான்னு நினைச்சேன். என் லைசென்சத் திருப்பிக் குடுக்கலாம்னு ஃபாரம்கூட வாங்கி வச்சிட்டேன்."

மேசையில் இருந்தது. பேனா மூடி திறந்தபடி.

நான் அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன். முன்பு ஃபியூஸ் இருந்த பை. அவர் தடுக்கவில்லை.

"பொறாமையா?" என்று கேட்டார்.

"ஓம்."

"என்கிட்டயா?" ஒரு நிமிடம் அறையைச் சுற்றிப் பார்த்தார் – கதிரை, துளசி, கழுவி வைத்த ஒரே ஒரு தட்டு. "என்னத்தப் பார்த்து லா?"

லா திரும்பி வந்துவிட்டது. மீசை என்று சொல்லியிருக்கலாம்.

ஜூலை 19 – சனி

அதே கார் பார்க். அதே மழை. ஓட்டுநர் இடத்தில் அன்னம், பக்கத்தில் வீரையா. எனக்குப் பின் ஸீட், நடுவில், குழந்தைகள் இருக்கும் இடத்தில். "வாய் திறந்தால் இறக்கி விடுவன்" என்பது அன்னத்தின் கட்டளை.

முதல் இரண்டு தரம் அவளால் முழுதாக அழுத்த முடியவில்லை. கால் பாதியில் நின்றுவிட்டது. வீரையா அவசரப்படுத்தவில்லை. மூன்றாம் தரம், நாற்பதில் போய், கண்ணை மூடாத குறையாக மிதித்தாள்.

கர்ர்ர்ர் – டக்டக்டக்டக்டக்.

பின் ஸீட்டில் அது வேறு மாதிரி. காலில் இல்லை, தரையில் வருகிறது, சுவருக்கு அந்தப் பக்கத்தில் யாரோ அவசரமாகக் கதைப்பது போல. சொல் கேட்காது. சங்கதி தெரியும். கார் நேராக நின்றது.

"கேட்டீங்களோ?" அவள் திரும்பினாள். என்னைப் பார்த்து. அந்த முகம் – கார் பார்க்கிலிருந்து வீட்டுக்கு வந்த அதே முகம், கொஞ்சம் ஈரத்தோடு. என்னைப் பார்த்துத்தான். வீரையா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாய் திறக்கவில்லை. வரலாற்றில் முதல் தடவை.

ஆகஸ்ட் 1 – வெள்ளி

பாஸ்! டெஸ்ட் எடுத்த அதிகாரி ஒரே ஒரு குறை சொன்னாராம்: ரவுண்டபவுட்டில் தேவைக்கு மேல் மரியாதை கொடுக்கிறாள். அது என் பயிற்சியின் மிச்சம் என்று வீரையாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 16 – சனி

ஏழரைக்குப் புறப்பட்டாள். கண்ணாடியில் பனி. நான் கேத்தலோடு ஓடினேன்.

"சுடுதண்ணி ஊத்தாதேங்கோ, கண்ணாடி வெடிக்கும். வீரையா அண்ணை சொன்னவர்."

அண்ணை சொன்னவர். சரி.

காரின் பின்னால் ஒரு தொட்டில், அரிசி மூட்டை, நீத்துப்பெட்டி, முழு மூலிகைக் கடை. ஜப்பான்காரி பேசினாள். "ஓம் பிள்ளை" என்றாள் அன்னம். அது என் வசனம். முடக்கில் சிக்னல் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, போய்விட்டாள். நான் வீட்டுக்குள் வந்து நாலு மணி நேரத்தில் நாற்பது தடவை ஃபோனைப் பார்த்தேன். இல்லை, நாலாயிரம் தடவை.

பதினொன்றரைக்கு எடுத்தாள்.

"வந்திட்டன். டொக்கொரோவா தாண்டி ஒரு வளைவில, மர நிழலில, றோட்டு பளபளவெண்டு கிடந்தது. முன்னால ஒரு மரலொறி நிண்டுது. மிதிச்சன்."

"பிறகு?"

"கதைச்சது. காலை எடுக்கேல்லை."

நான் கதிரையில் போய் இருந்தேன். அதுவரை நின்றுகொண்டே கேட்டிருக்கிறேன் போல.

"இஞ்சாருங்கோ, இருக்கிறீங்களோ? இடியப்பம் அவிச்சு மூடி வச்சிருக்கிறன். சொதியைச் சூடாக்குங்கோ. அண்ணையையும் கூப்பிடுங்கோ, திங்கக்கிழமையிலயிருந்து உங்களை வேலைக்கு ஏத்திக்கொண்டு போறதெண்டு சொன்னவர்."

முப்பத்தொரு வருடமாக நானும் விடாதே, விடாதே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னுடையது கத்தலாகவே கேட்டிருக்கிறது. ஒரு பெடலிடம் பொறாமை. இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், அந்தப் பெடல் அவளைப் பத்திரமாக நிறுத்தியிருக்கிறது.

மத்தியானம் வீரையா வந்தார். மீசை மறுபடியும் கறுப்பு, துறைமுகம் மூடும் கறுப்பு. ஃபிரிட்ஜில் இருந்த பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தட்டோடு வந்து இருந்தார்.

மூடியைத் திறந்து எண்ணினேன். பதினொன்று.

அவருக்கு ஆறு. எனக்கு ஐந்து.